கிக்கரும் பட்டனும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி, பலாங்கொடைக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். எனக்கு முன்பே இந்த வீட்டுக்கு வந்துவிட்டது என் கணவரின் மோட்டார் சைக்கிள். ஜப்பானில் செய்தது, தொண்ணூறு சீசீ. இங்கே உதவி மேனேஜராக இருந்த ஒரு சின்னத்துரை மாற்றலாகிப் போனபோது கைமாறியது. வேகம் காட்டும் முள் இருபதில் இறுகிப்போயிருந்தது. ஓடினாலும் இருபது, நின்றாலும் இருபது. அவருக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. "சத்தத்த கேட்டா தெரியாதா, எவ்ளோ வேகம்னு?" என்பார்.

அவர் தோட்டத்தில் கண்டாக்கையா. காலையில் பிரட்டுக்களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு, பொழுது சாயும் வரை மலை மலையாகப் போய் வேலை நடப்பதைப் பார்க்க வேண்டும். நான் நாலு மைல் கீழே இருந்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் தோட்டத்துக்கு பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இரண்டும் பள்ளிக்கூட நேரத்துக்கு ஒத்துவராது. அதனால் அவர்தான் என்னைக் கொண்டுபோய் விட்டு, திரும்பக் கூட்டி வருவார்.

பனி இறங்கிய காலைகளில் அந்த வண்டி லேசில் கிளம்பாது. சோக்கை இழுப்பார். வண்டியை இடது பக்கம் சரித்து, பெட்ரோல் வாடை வரும் வரை பிடித்திருப்பார். பிறகு கிக்கரை மிதிப்பார். எட்டு, பத்து, பன்னிரண்டு. அப்போதும் கிளம்பாவிட்டால் ப்ளக்கைக் கழற்றி, நெருப்புப்பெட்டியின் மருந்துப் பக்கத்தில் உரசித் துடைத்துப் பூட்டுவார். அதற்குப் பிறகு கிளம்பாமல் இருந்ததில்லை. சாரியின் முந்தானையை இடுப்பில் செருகி, பக்கவாட்டில் ஏறி, மடியில் கொப்பிப் பையும் கையில் குடையுமாக உட்காருவேன். ஒவ்வொரு குழியிலும் முதுகெலும்பு ஒருமுறை வந்து மண்டையைத் தட்டிவிட்டுப் போகும்.

வந்த புதிதில் ஒருநாள், "எனக்கும் ஓட்டப் பழக்குங்களேன்" என்று கேட்டேன். சிரித்தார். ஆனால் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபெக்டரி முற்றத்துக்குக் கூட்டிப்போனார். நான் சாரியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிக்கரை மிதித்தேன். மூன்றாவது மிதியில் அது பின்வாங்கி என் முழங்காலுக்குக் கீழே அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வாரம் வீக்கம் வடியவில்லை. தினமும் அவரே தைலம் தேய்த்துவிட்டார். தேய்த்துக்கொண்டே, "இதுக்கு பலம் வேணும். ஒனக்கு எதுக்கு இந்த வேல? நான்தான் இருக்கேனே" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

பழைய வண்டிகளைப் பற்றி ஆண்கள் பேசுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். தோட்டத்து ஒபீஸ் வாசலிலும், கல்யாண வீடுகளிலும், எங்கள் வீட்டு முன்னறையிலும். அந்த இழுவை இப்போது எந்த வண்டியில் வருகிறது, ஒரு ஸ்க்ரூட்ரைவரும் ஒரு குறடும் இருந்தால் போதுமே, நடுக்காட்டில் நின்றாலும் நாமே சரிசெய்துவிடலாமே என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சில் பின்சீட்டில் இருந்தவர்கள் யாரும் வருவதில்லை. எனக்கு அந்த வண்டி என்றால் முதலில் ஞாபகம் வருவது காத்திருப்பு. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலத்தில் அவர் மூன்றரைக்கு முன் வரமாட்டார். மற்ற டீச்சர்மார் பக்கத்துத் தொழிலாளர் லயங்களில் இருந்து வந்தவர்கள், நடந்து போய்விடுவார்கள். நான் தலைமையாசிரியரின் மேசையில் கொப்பி திருத்திக்கொண்டிருப்பேன். திருத்தி முடித்த பிறகும் உட்கார்ந்திருப்பேன். தூரத்து வளைவில் அந்தச் சத்தம் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு எழுவேன். அப்படியே பத்துப் பன்னிரண்டு வருடம் போயிற்று.

பிறகு டவுனுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பாடசாலைக்கு எனக்கு மாற்றம் வந்தது. பாதி தூரம் அவரோடு, மீதி இரண்டு பஸ். வீடு வந்து சேர நாலரை மணியாகும். அந்த வருடத்தில்தான் எங்கள் தோட்டத்துக்குப் புதிய மிட்வைஃப் ஒருத்தி வந்தாள். சிங்களப் பெண், என்னை விடப் பத்து வயது இளையவள். எல்லாரும் அவளை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். கர்ப்பிணிகளைப் பார்க்க லயம் லயமாக வருவாள். வருவது ஒரு ஸ்கூட்டரில்.

முதல் தடவை அவள் எங்கள் வாசலில் நிறுத்திப் பேசிவிட்டுக் கிளம்பியபோது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரிக்கவில்லை. மிதிக்கவில்லை. கட்டைவிரலால் ஒரு பட்டனை அழுத்தினாள். வண்டி உயிர் பெற்றது. போய்விட்டாள். அவ்வளவுதான். நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அவளிடம் கேட்டேன், கஷ்டமா என்று. நாங்கள் இருவரும் பாதி சிங்களம், பாதி தமிழில்தான் பேசுவோம்.

"மேக்க லேசி, டீச்சர்" என்றாள். இது சுலபம். "கிக் ஓன நே, மிதிக்க வேணாம். கியர் ஒண்ணும் இல்ல. சாரியோட ஓட்டலாம். வாங்க, பலன்ன, பாருங்க!"

அன்று மாலையே பிரட்டுக்களத்துக்குக் கூட்டிப்போனாள். கால் வைக்க முன்னால் தட்டையான இடம் இருந்ததால் சாரியைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. அவள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டாவது சுற்றில் பிடியை விட்டுவிட்டாள் என்பது, தூரத்தில் அவள் கைதட்டிய சத்தம் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன். எங்கேயும் போகாமல் அந்தக் களத்தையே ஏழெட்டு முறை சுற்றினேன்.

ஸ்கூட்டர் ஒன்று வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"பட்டன் வண்டிய நம்ப ஏலாது" என்றார் கடைசியில். "பேட்டரி செத்தா தள்ளிட்டுத்தான் வரணும். உள்ளுக்கு என்ன இருக்குன்னு செஞ்சவனுக்குத்தான் தெரியும். ஏதாவது பழுதுன்னா யாரு பாக்குறது?"

"கடையில பாப்பாங்க."

"நடுவழியில நின்னா?"

"நின்னா பஸ்ஸுல வர்றேன். இப்பவும் பஸ்ஸுலதானே வர்றேன்."

அவர் கை கழுவ எழுந்துவிட்டார். லீசிங் பத்திரத்தில் பிணைக்கு அவர்தான் கையெழுத்துப் போட்டார். இரத்தினபுரிக்கு லைசன்ஸ் எடுக்கப் போனபோதும் கூடவே வந்தார். ஆனால் ஸ்கூட்டரில் பின்னால் ஏறமாட்டேன் என்று இருந்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

ஸ்கூட்டரின் சுகங்கள் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. குழியில் விழுந்தாலும் முதுகு வலிக்கவில்லை. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று முள் காட்டியது. அவர் டேங்கைத் திறந்து வண்டியை ஆட்டிப் பார்ப்பார். சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி இருந்தது. அதில் கொப்பி, சாப்பாடு, ரெயின்கோட் எல்லாம் அடங்கும். மழையில் மடியில் பையைக் கட்டிக்கொண்டு போன எனக்கு அந்தப் பெட்டி ஒரு சின்ன அலுமாரி கிடைத்தது போல இருந்தது.

அந்தப் பெட்டியே எனக்கு வினையாகவும் ஆயிற்று. வடக்கில் சண்டை மும்முரமாக இருந்த காலம் அது. டவுனுக்குள் நுழையும் இடத்தில் சோதனைச் சாவடி. என் கணவரின் பைக்கில் தேட ஒன்றுமே இல்லை. ஒரு டேங்க், ஒரு சீட், இரண்டு சில்லு. அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிடுவார்கள். என்னிடம் மட்டும் தினமும், "சீட் எக்க அரின்ன." சீட்டைத் திற. ஒருநாள் தூறலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்கச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கொப்பிகளை ஒரு சிப்பாய் புரட்டினான். தமிழ் எழுத்து அவனுக்குப் புரியவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். "எங்கட வீட்டு நாய் பத்தி" என்று சிங்களத்தில் சொன்னேன். நம்பினானோ இல்லையோ, மூடிக் கொடுத்துவிட்டான். அன்றைக்கு நனைந்த கொப்பிகளை வகுப்பில் ஜன்னல் ஓரமாக விரித்துக் காயவைத்தேன். அதற்குப் பிறகு பெட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு, கொப்பிப் பையைப் பழையபடி வெளியே தொங்கவிட்டுக்கொண்டுதான் போனேன்.

ஸ்கூட்டர் வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை, இரண்டு நாள் விடாத மழைக்குப் பிறகு, கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தி மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"டீச்சர்! கண்டாக்கையா சறுக்கி விழுந்துட்டாருங்க! பைக்கு கால் மேல கெடந்துச்சு. நாங்கதான் தூக்குனோம்."

அந்தப் பழைய வண்டியின் பிரேக் நனைந்தால் பிடிக்காது. அவருக்கு அது நன்றாகத் தெரியும். நீரோடையைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைப்பார். அன்று காயவைக்க நேரம் இருக்கவில்லை. ஓடையை அடுத்த இறக்கத்தில் மண் சரிந்து கிடந்தது. நான் போனபோது பாதை ஓரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். வலது கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. தோட்டத்து லொறி கொழும்புக்குத் தேயிலை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. வேறு வாகனம் இல்லை.

"ஏறுங்க" என்றேன்.

சுற்றிலும் இருபது பெண்கள் கூடையோடு நின்றார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பேர் தோளைப் பிடிக்க, ஏறி உட்கார்ந்தார். எதைப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முதலில் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்தார். முதல் வளைவில் என் தோளைப் பிடித்தார்.

"ரெண்டாவது கியருக்கு..." என்று தொடங்கி, அவரே, "அட, இதுல கியர் இல்லையே" என்றார். "ரெண்டு பிரேக்கையும் சேத்துப் பிடி. மெதுவா." நான் சேர்த்துத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, "குழியில ஆட்டம் தெரியல" என்று மட்டும் சொன்னார்.

எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டார்கள். அதன் பிறகு கிளினிக்குக்கு அவரை நான்தான் கூட்டிப்போய் விட்டு, பள்ளிக்கூடம் முடிந்து திரும்ப ஏற்றி வருவேன். ஒருநாள் ஆசிரியர் கூட்டம் நீண்டுவிட்டது. நான் போனபோது கிளினிக் மூடிவிட்டிருந்தது. வெளி வாங்கில் தனியாக உட்கார்ந்திருந்தார், ஊன்றுகட்டையை மடியில் வைத்துக்கொண்டு.

"எவ்ளோ நேரம்!" என்றார்.

"மீட்டிங்குங்க."

நாக்கு நுனி வரை வந்த வேறொரு பதிலை விழுங்கிக்கொண்டேன். கட்டுப் போட்ட காலோடு இருக்கிறவரிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. வீடு வந்து, தேத்தண்ணீர் குடித்து முடித்த பிறகு அவராகவே கேட்டார்.

"நீயும் ஸ்கூல்ல இப்படித்தான் குந்திக்கிட்டு இருப்ப, என்ன?"

"ஆமாங்க."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மலைய விட்டுட்டு வந்திருப்பீங்களா?"

"வந்திருக்க மாட்டேன்" என்றார்.

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

அவர் சொன்னதும் ஒருநாள் பலித்தது. ஸ்கூட்டர் ஒரு காலையில் செத்துப்போயிற்று. பட்டனுக்கும் அசையவில்லை, பக்கத்தில் ஒப்புக்கு இருந்த கிக்கரை மிதித்துப் பார்த்தும் அசையவில்லை. டவுனில் கடைக்காரர் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துக் காட்டினார், உள்ளங்கை அளவுதான். "இதுக்குள்ள கரண்ட் பார்ட்ஸ். தொறக்க ஏலாது. கொழும்புலருந்து வரணும்." இரண்டு வாரம் ஆயிற்று. என் கணவர் அந்தப் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திறப்பதற்கு ஒரு ஆணி கூட இல்லை. அவர் ஏதாவது குத்திக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். முகத்தில் ஒரு கவலைதான் தெரிந்தது. கை வைக்க இடமில்லாத ஒரு பொருளை அவர் அதுவரை வைத்திருந்ததில்லை.

அந்த இரண்டு வாரமும் யோசித்துக்கொண்டேதான் பஸ்ஸுக்கு நின்றேன். அவர் வண்டியை அக்கக்காக அறிந்தவர். அறிந்தவருக்கு மட்டுமே அது பணிந்தது. என் வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமலே அது என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எது நல்ல வண்டி என்று யாராவது கேட்டால், நீங்கள் எந்த சீட்டில் உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

அவர் கால் ஆறிற்று. ஆனால் கிக்கரை மிதிக்கும் பலம் வலது கணுக்காலுக்குத் திரும்பவில்லை. புதிய பைக் ஒன்று எடுக்கலாம், இப்போது எல்லாவற்றிலும் பட்டன் வருகிறதே என்றேன். பார்க்கலாம் என்றார். பார்க்கவில்லை. அதற்குப் பதில் வேறொரு வழி கண்டுபிடித்தார். எங்கள் குவாட்டர்ஸ் ஏற்றத்தில் இருக்கிறது. வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்தி, நியூட்ரலில் உருட்டி, வேகம் பிடித்ததும் கியரைப் போட்டு க்ளச்சை விடுவார். கிளம்பிவிடும். மலையில் எங்கே நிறுத்தினாலும் மூக்கு கீழே பார்க்கத்தான் நிறுத்துவார். சமதளத்தில் நிறுத்தவே மாட்டார். துரை பங்களாவுக்கு வரச் சொன்னால் கூட, வண்டியை வெளியே சரிவில் விட்டுவிட்டு நடந்துதான் போவார்.

சண்டை முடிந்த வருடத்திலும் அப்படித்தான் நடந்தது. காலையில் அவர் முதலில் உருட்டுவார். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். கீழ் வளைவில் அந்த எஞ்சின் பிடிக்கும் சத்தம் கேட்கும். கேட்ட பிறகுதான் நான் பட்டனை அழுத்துவேன். கேட்காத நாட்களில், கீழே போய் அவர் வண்டியைத் தள்ளிக் கிளப்பிக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவேன்.