அக்கா கிளம்பியதும் துடைத்த தரை

மாப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கிறுக்கு. என் கணவரைக் கேட்டால் அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை எடுத்துவிடுவார். எலப்புள்ளியில் அவருடைய அப்பா கட்டிய வீட்டின் காவித் தரையைப் பெயர்த்துவிட்டு வெள்ளை டைல்ஸ் போட்டோம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது. வயலிலிருந்து வருகிற கால், மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு வருகிற கால் என்று யார் எந்த வழியாக எங்கே போனார்கள் என்பதையெல்லாம் அந்தத் தரை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் ஸ்பாஞ்சு வைத்தது வாங்கினேன். ஒரே மழைக்காலத்தில் பிய்ந்து தொங்கியது. பிறகு வாளியோடு சுற்றுகிற மாப்பு. கொஞ்ச நாளில் வாளி சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைச் சுற்ற வைத்தது. கடைசியில் வெள்ளைப் பருத்தி நூல் மாப்புக்கே வந்து சேர்ந்தேன். அதிலும் நூல் தடியாக, முறுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். கடையில் நின்று ஒவ்வொன்றாக நுனியை இழுத்துப் பார்ப்பேன். "பொண்ணு பாக்கறதுக்குக்கூட யாரும் இத்தன நேரம் பாக்க மாட்டாங்க" என்று கடைக்காரர் ஒருநாள் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

புது மாப்பை ஊறவைத்துக் கஞ்சி போகக் கசக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தண்ணீரை உறிஞ்சாது, தள்ளிக்கொண்டு போகும். துடைத்து முடித்ததும் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி, கையால் பிழிந்து, தலை மேலே இருக்கும்படி வெயிலில் சாத்தி வைக்க வேண்டும். வாளியிலேயே போட்டுவிட்டால் மறுநாள் வீடு முழுக்க நனைந்த நாய் வாடை அடிக்கும். ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் காலையில் கொஞ்ச நேரம்தான் வெயில் எட்டிப் பார்க்கும். அதற்குள் எல்லாவற்றையும் முடித்து மாப்பை வெளியே வைத்துவிட வேண்டும் என்று பறப்பேன். "பெத்த புள்ளைகள வளத்தப்பக்கூட நீ இப்படிப் பறந்ததில்ல" என்பார் கணவர்.

போன ஆடியில் அவருடைய அக்கா வந்திருந்தார். இந்த வீட்டில் பிறந்து, மறையூரில் கரும்பு விவசாயம் செய்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். கர்ப்பப்பையில் கட்டி என்று கோயம்புத்தூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன்னால் பிறந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போக ஆசைப்பட்டார். சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் சோற்றைப் பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. தம்பி கை கழுவ எழுந்துபோனதும் என் பக்கம் திரும்பி, "நானு திரும்பி வந்துருவனா அம்மணி?" என்று கேட்டார்.

"வராம எங்கீங்க போறீங்க? ஆபரேசன் முடிஞ்சு ஒரு மாசம் இங்கதான் இருக்கப்போறீங்க" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

காலையில் கணவர் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று கை காட்டினேன். உள்ளே திரும்பினால் வெயில். ஆடியில் அப்படியொரு வெயிலை நான் பார்த்ததேயில்லை. நேராகப் போய் வாளியையும் மாப்பையும் எடுத்தேன்.

ஊருக்குப் போகிறவர்கள் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கவோ துடைக்கவோ கூடாது. பிணம் எடுத்த வீட்டைத்தான் பின்னாலேயே தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். இது எனக்குத் தெரியாது என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். கல்யாண வீட்டில் கடைசி விருந்தாளி பஸ் ஏறி இறங்கும்வரை எச்சில் இலைக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற ஊர் இது. எனக்குத் தெரியும். வெயிலைச் சாக்குச் சொல்லலாம். ஆனால் வெயில் மட்டும் காரணமில்லை. அந்த ராத்திரி முழுக்க வீட்டுக்குள் ஒரு பயம் இருந்தது. மருந்து வாடை இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அதைத் துடைத்து வெளியே தள்ள வேண்டும்போல இருந்தது. அதனால்தான் முதலில் அக்கா படுத்திருந்த அறையில் ஆரம்பித்தேன். வாளியில் பினாயிலும் இரண்டு மூடி கூடுதலாக ஊற்றினேன்.

அறையை முடித்துக் கூடத்துக்கு வந்தபோது வாசலில் கார் நின்றது. ஸ்கேன் எடுத்த படங்கள் இருந்த பையை அக்கா மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். கணவர் வண்டியிலேயே இருக்க, அவர் மட்டும் இறங்கி வந்தார்.

நிலைப்படியில் நின்றார். பளபளவென்று ஈரமாகக் கிடந்த தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையில் மாப்பு சொட்டிக்கொண்டிருந்தது.

"நானு இன்னும் மெயின் ரோட்டக்கூடத் தாண்டுலியே அம்மணி" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் மெதுவாக, சந்தேகம் கேட்பதுபோலத்தான் சொன்னார். செருப்பைக் கழற்றினார். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரத்தில் முழுக் கால் பதிந்துவிடாதபடி சுவரோரமாக நுனிக்காலில் நடந்து அறைக்குள் போனார். பையை எடுத்துக்கொண்டு அதேபோல் திரும்பினார். தான் பிறந்து தவழ்ந்த வீட்டில், என் டைல்ஸ் அழுக்காகிவிடக் கூடாது என்று அப்படி நடந்தார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது, "தரை வழுக்குமுங்க, பாத்து" என்பது மட்டும்தான். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மாப்பை வாளியிலேயே போட்டேன். மூன்றாம் நாள் நாற்றம் தாங்காமல் கணவர்தான் அதை எடுத்துக் குப்பையில் எறிந்தார். நான் போன் பக்கத்திலேயே இருந்தேன். அக்காவுக்கு ஒன்று ஆகியிருந்தால் ஆபரேஷனால் என்று ஊர் சொல்லியிருக்கும். நான் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. சாமி சடங்கெல்லாம் எனக்குப் பெரிதாக இல்லை என்று பீற்றிக்கொண்டவள், அந்த வாரம் வேண்டாத தெய்வமில்லை.

நல்லபடியாக முடிந்தது. கட்டியும் சாதாரணக் கட்டிதான். நான் அறையை ஒழித்து, கட்டிலை ஜன்னலோரம் போட்டு, புதுப் போர்வை விரித்து வைத்தேன். அக்கா வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மறையூருக்குப் போய்விட்டார். மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று தம்பியிடம் சொன்னாராம்.

கணவருக்கு மனசு விட்டுப்போனது. "பொறந்த ஊடு வேண்டாம்னு போயிருச்சு பாத்தியா? வயசாக வயசாக அக்காவுக்கு வீம்பு" என்று பல நாள் புலம்பினார். நான், "ஆமாங்க" என்றேன். துடைத்ததைவிட அந்த "ஆமாங்க"தான் கேவலம். அதை ஒரு தடவை அல்ல, அவர் புலம்பிய போதெல்லாம் சொன்னேன்.

ஐப்பசியில் அக்காவைப் பார்க்க மறையூர் போனோம். நல்ல மழை. வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையை ஒட்டித்தான் வீடு. கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சேறும் பாகுமான காலோடு இரண்டு பேரும் உள்ளே வந்தோம். கூடமெல்லாம் எங்கள் கால் தடம். அக்கா இளைத்திருந்தார், ஆனால் தெளிவாக இருந்தார். சமையலறையில் தனியாக இருந்தபோது பேச்செடுத்தேன். "அக்கா, அன்னிக்கு..." என்று ஆரம்பித்ததும், "ரசத்துக்கு உப்புப் பாரு" என்று கரண்டியை நீட்டினார். அதற்குமேல் எனக்குத் தைரியம் வரவில்லை.

மதியம் சாப்பிட்டதும் கிளம்பினோம். அக்காவின் மருமகள் பழக்கத்தில் மாப்பைக் கையில் எடுத்துவிட்டாள். அக்கா அதை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு எங்களை வழியனுப்ப வந்தார்.

உடுமலை, பொள்ளாச்சி வழியாக வீடு வந்து சேர இருட்டிவிட்டது. கதவைத் திறக்கும்போதே போன் அடித்தது. அக்காதான்.

"ஊடு சேந்தாச்சா அம்மணி?"

"இப்பத்தானுங்க அக்கா. உள்ள காலெடுத்து வெக்கறோம்."

"சேரி" என்றவர், போனை வைக்காமலேயே மருமகளைக் கூப்பிட்டார். "கண்ணு, அவங்க ஊடு சேந்துட்டாங்க. இனித் தொடச்சுக்க."

மதியத்திலிருந்து அந்த வீடு எங்கள் சேற்றோடு கிடந்திருக்கிறது. ஈ மொய்த்திருக்கும். நான் போனைப் பிடித்தபடி நிலைப்படியிலேயே நின்றேன்.

"அக்கா என்ன சொல்லுச்சு?" என்றார் கணவர்.

"உங்கக்கா நம்ம ஊட்டுக்கு வராததுக்கு வீம்பு காரணமில்லீங்க" என்றேன். "நாந்தானுங்க காரணம்."