பேய்ப்பீர்க்கில் ஒரு சிவப்பு முடிச்சு

என் வீட்டுக்காரருக்குச் சிவப்பு நூல் முடிச்சைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஆரணியில் பட்டு நெய்கிறவர் அவர். எங்கள் வீட்டுத் தறியில் ஒரு வழக்கம் உண்டு. நெய்யும்போது இழை அறுந்தாலோ பூ பிசகினாலோ அந்த இடத்துக்கு நேராகக் கரையோரம் ஒரு சிவப்பு முடிச்சு போட்டு வைப்பார்கள். இங்கே குறை இருக்கிறது, பார்த்துக்கொள் என்று அர்த்தம். குறையைச் சரிசெய்த பிறகு, முடிச்சைப் போட்டவரேதான் அவிழ்க்க வேண்டும். மற்றவர் கை படக்கூடாது. கல்யாணமான புதிதில் இதையெல்லாம் எனக்குச் சொன்னார்கள். நான் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன். என் வேலை தறியில் இல்லையே.

என் வேலை காய்கறி ஆராய்ச்சிப் பண்ணையில். பூசணி, சுரை, பீர்க்கு, புடல் எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு வேலியோரத்திலும் ஆற்றங்கரையிலும் யாரும் சீந்தாத சொந்தக்காரர்கள் சிலர் உண்டு. பேய்ச்சுரை, பேய்ப்புடல், பேய்ப்பீர்க்கு. வாயில் வைக்க முடியாத கசப்பு என்பதால் பெயருக்கு முன்னால் பேயைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் தோட்டத்துப் பீர்க்கு இலையெல்லாம் மஞ்சளாகிச் சுருண்டு சாகிற பருவத்தில், பக்கத்து வேலியில் இந்தப் பேய் மட்டும் ஜம்மென்று பூத்துக்கொண்டு நிற்கும். அந்தத் தெம்பை நல்ல பீர்க்குக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்ப்பவர்கள் எங்கள் பண்ணையில் இருக்கிறார்கள். அதற்கு முதலில் பேய் உயிரோடு இருக்க வேண்டும். அதைத் தேடிப் பிடித்து விதை சேர்ப்பது என் பாடு.

போளூர் போகிற சாலையில் ஒரு கிளுவை வேலியில் அப்படி ஒரு பேய்ப்பீர்க்கைப் பார்த்து வைத்திருந்தேன். பக்கத்து வயல் மொத்தமும் நோயில் படுத்திருக்க, இது மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. முற்றிய காய் ஒன்றே ஒன்று கிடைத்தது. மறுபடி போனபோது வேலியே இல்லை. மனை போட்டு, கல் நட்டு, கலர்த் துணிக்கொடி கட்டியிருந்தார்கள். பைக்கை நிறுத்திவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் அழுதேன். ஒரு கசப்புக் கொடிக்காக அழுகிற பெண்பிள்ளையை அந்தச் சாலை அதற்கு முன் பார்த்திருக்காது.

கையில் இருந்த விதையில் முளைத்தது சிலதுதான். அவற்றை எங்கள் மொட்டை மாடியில் தொட்டிகளில் வைத்து, குச்சியில் ஒரு பந்தல் போட்டேன். பண்ணையில் வைக்க முடியாது. பீர்க்கம்பூ பொழுது சாய்ந்துதான் மலரும், அந்த நேரத்தில் பண்ணை பூட்டியிருக்கும். மாடியிலும் ஒரு தொல்லை இருந்தது. பக்கத்து வீட்டுப் பந்தலில் சமையல் பீர்க்கு. பூச்சி அங்கிருந்து மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவிவிட்டால் என் பேய் கலப்படமாகிவிடும். அதனால் பெண் மொட்டு மலருவதற்கு முன்பே அதன் வாயைக் கட்டிவைத்து, அதே கொடியின் ஆண் பூவை நானே எடுத்துத் தொட்டு, திரும்பவும் கட்ட வேண்டும். பருத்தி நூல் மொட்டை அறுத்துவிடுகிறது. தறியடியில் விழும் பட்டு நூல் துண்டு பூவுக்கு வலிக்காமல் உட்கார்ந்தது. பூ வாடி உதிர்ந்த பிறகு, இது சுத்தமான காய் என்று தெரிய அதன் காம்பிலும் ஒரு பட்டு நூலை முடிந்தேன்.

அந்த நாட்களில் தறியில் ஓடியது அரக்குச் சிவப்புச் சேலை. கைக்கு வந்ததும் அதுதான்.

இவர் அப்போதெல்லாம் மாடிக்கு வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கேலி செய்வார். "இன்னா, உன் பேய்ங்களுக்குக் கல்யாணம் ஆச்சா?" என்பார். நானும் சிரிப்பேன். முடிச்சு எதற்கென்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிஞ்சுகள் காயாகத் திரண்டு வரும்போது பயிற்சி என்று என்னை வெளியூருக்கு அனுப்பினார்கள். தண்ணீர் ஊற்றும் பொறுப்பை இவரிடம் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினேன். தொட்டிகள் பளிச்சென்று இருந்தன. காய்ந்த இலைகளைக் கிள்ளியிருந்தார். சிவப்பு முடிச்சு போட்ட காய் ஒன்றுகூடக் கொடியில் இல்லை.

அவை முறத்தில் வரிசையாக இருந்தன. இவர் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் பாராட்டப் போகிறேன் என்று எதிர்பார்த்து முகத்தை வைத்திருந்தார்.

"நீ முடிச்சு போட்டு வச்சிட்டு பறிக்கறதுக்குள்ள ஊருக்குப் போயிட்டே. சேலன்னா இழைய சேத்துடலாம். சொத்தக் காயில இன்னாத்த சேக்கறது? அதான் பறிச்சிட்டேன். உனக்கு ஒரு வேல மிச்சம்."

நான் ஒரு காயைப் பிளந்து காட்டினேன். உள்ளே விதை பால்போல வெள்ளையாக, நகம் பட்டாலே நசுங்கியது. அது எந்த மண்ணிலும் முளைக்காது. கொடிகளுக்கும் வயதாகிவிட்டது, இனிப் பூ இல்லை. முடிச்சில்லாமல் நின்ற காய்கள் எந்தப் பூச்சியின் புண்ணியமோ, அவற்றை நம்ப முடியாது. போளூர் சாலை வேலிப் பேய் பூண்டோடு போயிற்று என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். அவர் பிளந்த காயைத் திரும்ப முறத்தில் வரிசையாக அடுக்கினார். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. மறுநாள் பட்டுக்கடைக்குப் போக மாட்டியிருந்த அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து, மேல் பொத்தான் துளையில் சிவப்பு நூலால் நறுக்கென்று ஒரு முடிச்சு போட்டேன். குறையுள்ள இடம் இதுதான், பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போனார்.

அவர் வருவதற்குள் மாடிக்குப் போய்ப் பந்தலைக் கழற்ற ஆரம்பித்தேன். ஒரு மூலையில், இலைக்கு அடியில் ஒரு காய் தொங்கியது. காம்பில் முடிச்சு இருந்தது, ஆனால் பச்சை. சிவப்பு நூல் தீர்ந்துபோன ஒரு சாயங்காலம் கைக்குக் கிடைத்த பச்சையால் கட்டியிருக்கிறேன். கடையிலிருந்து வந்தவரை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

"அத்தப் பாத்தேன்," என்றார். "பச்ச முடிச்சு இன்னா கணக்குன்னு தெரில. அதான் கை வைக்கல."

அதற்குப் பிறகு அந்தக் காய் என்னுடையதாக இல்லை. அணில் கடிக்காமலிருக்கக் கொசுவலைத் துண்டில் பை தைத்து மாட்டினார். எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டபோது, நனைந்தால் அழுகிவிடும் என்று பிளாஸ்டிக் டப்பா ஒன்றை அறுத்து, காற்றுப் போக ஓட்டை போட்டு, அதற்குக் கூரை வைத்தார். தறியிலிருந்து எழும்போதெல்லாம் மாடிக்கு ஒரு நடை. எனக்கோ கோபம் முக்கால்வாசி போய்விட்டிருந்தது. ஆனாலும் உடனே சிரித்துவிட்டால் மரியாதை என்ன ஆவது என்று சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

காய் பழுப்பேறிக் காய்ந்தது. முற்றிலும் காய்ந்தால் நுனியில் சின்ன மூடி கழன்று விதை தானாகக் கொட்டிவிடும். அதற்கு முன்பே பறிக்க வேண்டும். ஒருநாள் காலை மாடியிலிருந்து கூப்பிட்டார்.

"ஜல்தி வா. சத்தம் வருது."

ஓடினேன். என் காதோரம் காயை மெல்ல ஆட்டினார். கலகலவென்றது. காம்போடு வெட்டி முறத்தில் தட்டினோம். கன்னங்கரேலென்று விதைகள், ஒவ்வொன்றும் கெட்டியாக. எனக்கு அழுகை வந்தது, அவருக்கும் கண் கலங்கியது. தூசி என்றார். இருக்கட்டும். விதையில் ஒரு பங்கு பண்ணையின் விதைக் குளிரறைக்கு, ஒரு பங்கு அங்கே நல்ல பீர்க்கோடு ஒட்டுச் சேர்க்கிறவர்களுக்கு, மிச்சம் எங்கள் மாடிக்கு என்று அங்கேயே உட்கார்ந்து பிரித்தோம்.

அன்று துணி துவைக்க எடுத்தபோதுதான் அந்த வெள்ளைச் சட்டை கையில் வந்தது. பொத்தான் துளையில் என் சிவப்பு முடிச்சு அப்படியே இருந்தது. இடையில் எத்தனையோ முறை அவரே துவைத்து, தேய்த்து, போட்டுக்கொண்டு கடைக்கும் உறவுக்காரர் வீட்டுக்கும் போய் வந்த சட்டை. வெண்துணியில் சிவப்புச் சாயம் கொஞ்சம் கசிந்திருந்தது.

"இத்தனை நாளா ஏங்க அவுக்கல?" என்று கேட்டேன்.

"போட்டவங்கதானே அவுக்கணும்," என்றார், தறியிலிருந்து தலை நிமிராமல்.

தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்து நகத்தால் நெம்பி அவிழ்த்தேன். நனைந்து நனைந்து இறுகிப்போயிருந்தது, நேரம் பிடித்தது. நூலைச் சுருட்டிக் கீழே போட்டதும் அவர் ஊடிழை ஓட்டும் நாடாவை நிறுத்தினார்.

"அவுத்தாச்சா? அப்போ அந்த எடத்துல பச்சையக் கட்டிடு," என்றார். "யாராவது பறிச்சிக்கினு போயிடப் போறாங்க."