வேலிப்பருத்தி வந்த கோடை

தாயில்பட்டியில் இசைவாணியைப் பத்திரிகைக்கார அக்கா என்றுதான் சொல்வார்கள். அவள் எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி எழுதியதில்லை. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை. ஆனால் ஊர்ப் படிப்பகத்துக்கு எந்தெந்த இலக்கிய இதழ்களை வரவழைப்பது என்று முடிவு செய்வது அவள்தான்.

அந்தப் பொறுப்பை அவள் லேசாக எடுத்துக்கொண்டதில்லை. புதிதாக ஒரு சிற்றிதழ் கைக்கு வந்தால் அட்டையைப் பார்க்க மாட்டாள். நேரே வாசகர் கடிதங்களுக்குப் போவாள். திட்டி எழுதியதையும் போட்டிருக்கிறார்களா, பாராட்டு மட்டும்தானா என்று பார்ப்பாள். பிறகு எழுதியவர்களின் ஊர்களைப் பார்ப்பாள். இதழுக்கு இதழ் அதே ஆட்கள்தான் என்றால், அது வாசிக்கிறவர்களுக்கு ஆகும், எழுத வருகிறவர்களுக்கு ஆகாது என்று தனியே வைத்துவிடுவாள். மொழிபெயர்ப்புக் கதைகளுக்காக ஒன்று வந்தது. கூத்து, கோயில் கொடை, பழைய சுவரோவியம் என்று கட்டுரை போடுகிற ஒன்று வந்தது. பொடி எழுத்தில் வந்த ஒரு கவிதை இதழை மட்டும் அவள் நிறுத்திவிட்டாள். பகலெல்லாம் பட்டாசு மருந்துத் தூசியில் கிடந்துவிட்டு வாசிக்க வருகிறவர்களின் கண்களுக்கு அது எரிச்சலைத்தான் கொடுத்தது.

படிப்பகத்துக்கு அறையைக் கொடுத்தவர் சீனிவாசகம். ஊருக்கு மேற்கே அவருடைய பட்டாசுக் கம்பெனி இருந்தது. வயசுக் காலத்தில் கவிதை எழுதியவர். இதழ்களுக்குச் சந்தாவும் அவர்தான் கட்டினார். சனிக்கிழமை சாயங்காலங்களில் வந்து உட்கார்ந்து புரட்டுவார். "நீங்க எதை எடுத்தாலும் சரிதான் இசைவாணிம்மா. உங்க கண்ணு தப்பாது" என்பார்.

அவருடைய கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்த பெத்தணனும் படிப்பகத்துக்கு வருகிறவன்தான். வாசித்து வாசித்து அவனும் எழுத ஆரம்பித்திருந்தான். ஒரு கதையை முடித்துக் கொண்டுவந்து, எங்கே அனுப்பலாம் என்று இசைவாணியிடம் கேட்டான். அவள் 'வேலிப்பருத்தி' என்ற காலாண்டிதழைச் சொன்னாள். புது ஆட்களின் கதையில் அவர்கள் கைவைத்துச் சிதைப்பதில்லை, திருப்பி அனுப்பினாலும் காரணம் எழுதுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

பங்குனி முடிகிற சமயம் கதை அச்சாகி வந்தது. சீசன் ஆர்டருக்காக விரட்டி வேலை வாங்குகிற ஒரு கம்பெனி. நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் முழங்காலோடு முழங்கால் இடிக்கப் பெண்கள் உட்கார்ந்து மருந்து செலுத்துகிறார்கள். காயப்போடுகிற மேடை நிறைந்து, மிச்சச் சரக்கு வேப்பமரத்தடியில் பரத்திக் கிடக்கிறது. ஃபோர்மேன் வெயிலைப் பார்க்கிறான், வாயைத் திறக்காமல் நிற்கிறான். கதையில் எதுவும் வெடிக்கவில்லை. வாசித்தவர்கள் அதை அப்படியே அடுத்தவர் கையில் கொடுத்தார்கள்.

இசைவாணியின் தம்பி மனைவி கருப்பம்மாளும் வாசித்தாள். "மதினி, இது எங்க ரூமு" என்றாள்.

"அப்படியேவா?"

"மரம் உள்பட."

அதற்குப் பிறகு வந்த புதன்கிழமை, என்றும் இல்லாத வழக்கமாக, சீனிவாசகத்தின் கார் படிப்பகத்து வாசலில் நின்றது. உள்ளே இசைவாணி மட்டும் இருந்தாள். அவர் உட்கார்ந்து, மேசையிலிருந்து வேலிப்பருத்தியை எடுத்து, தூசி எதுவும் இல்லாத அட்டையைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"இதோட தரம் கொறஞ்சுபோச்சே. நிப்பாட்டிருவமா?"

"எது சரியில்லைன்னு சொல்லுங்க அண்ணாச்சி. அவுகளுக்கு எழுதிப் போடுவோம். கடிதம் போட்டா அச்சடிப்பாக."

அவர் சிரித்தார். "அதெல்லாம் எதுக்கு? இதுக்குப் பதிலா நல்லதா ரெண்டு எடுங்க. நான் இருக்கேன்." எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார். "பெத்தணன் நல்லா எழுதுதான். எழுதுற கைக்கு மருந்து வேலை தோதுப்படாது. நான் சொன்னேன்னு சொல்லுங்க." செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "உங்க தம்பி வீட்டுப் பொண்ணு நம்ம கம்பெனிலதான இருக்கு? எந்த ரூமு அது?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அவர் குரலை உயர்த்தியிருந்தால் அவளுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. இத்தனை வருசம் தன் தேர்வை மெச்சிய அதே குரலில் அவர் கேட்டதுதான் அவளைப் போட்டு உலுக்கியது. அந்த இதழை நிறுத்திவிட்டால் அறை இருக்கும், மற்ற இதழ்கள் வரும், எல்லாரும் வாசிக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு தான் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது அவருக்காகத் தேர்ந்தெடுத்ததாகவே இருக்கும் என்று அவளுக்குப் பட்டது. சனிக்கிழமை அவர் வருகிற நேரத்துக்கு முன்பாகவே போய், வேலிப்பருத்தியை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். அவர் வந்தார், பார்த்தார், உட்காராமலே போய்விட்டார்.

திங்கட்கிழமை பெத்தணனைக் கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். வேறு எந்தக் கம்பெனியும் அவனைச் சேர்க்கவில்லை. படிப்பகத்தில் புதுப் பூட்டு தொங்கியது. இதழ்களெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன.

கருப்பம்மாளின் அறைப் பெண்கள் வேறொன்று செய்தார்கள். நாலு பேர் அறைக்குள் போனதும் மற்றவர்கள் நுழையாமல் வெளியே உட்கார்ந்துகொண்டார்கள். கதை அச்சில் இருப்பதால் அதிகாரிகள் யாராவது வந்து பார்க்கக்கூடும் என்ற யோசனையோ என்னவோ, கம்பெனி மறுபேச்சுப் பேசவில்லை. மரத்தடியைக் கூட்டிச் சுத்தம் செய்தார்கள். அறைக்கு நாலே பேர் என்று பலகை மாட்டினார்கள். ஊரில் எல்லாரும் இசைவாணியைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தார்கள். அவளும் கொஞ்சநாள் நிம்மதியாக இருந்தாள்.

ஆனால் ஆர்டர் குறையவில்லையே. வைகாசியில் விடியற்காலையில் ஒரு வேன் வந்து நிற்கத் தொடங்கியது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் யாருடைய லைசென்ஸிலோ நடக்கிற ஓர் இடத்தை உள்குத்தகைக்கு எடுத்திருப்பதாகச் சொன்னார்கள். எடுத்தது யார் என்று யாரும் சொல்லவில்லை. அறைக்கு நாலு பேர் என்றானதில் வேலை இல்லாமல் மிஞ்சிய பெண்கள்தான் அந்த வேனில் ஏறினார்கள். கருப்பம்மாளும் ஏறினாள்.

"அங்கன எப்படி இருக்கு?" என்று இசைவாணி கேட்டாள்.

"இங்கன இருந்த மாதிரிதான். மரம் மட்டும் கெடையாது. வெட்டவெளி."

"போகாத கருப்பு."

"நான் போகாட்டி எனக்குப் பதிலா ஒருத்தி போவா மதினி. வீட்டுல ஒல வைக்கணும்ல."

ஆனிக் கடைசியில் வேலிப்பருத்தியின் அடுத்த இதழ் இசைவாணியின் வீட்டு முகவரிக்கு வந்தது. பெத்தணனின் இரண்டாவது கதை அதில் இருந்தது. யாருக்கு எதைக் கொடுப்பது என்று எப்போதும் வெகுநேரம் யோசிக்கிறவள், அன்றைக்கு யோசிக்காமல் கருப்பம்மாளின் சாப்பாட்டுப் பையில் அதை வைத்தாள். "சாப்பாட்டு நேரத்துல வெளிய வந்து எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டு. எல்லாரும் வெளிய வரட்டும்." கருப்பம்மாள் தலையாட்டிவிட்டு வேனில் ஏறினாள்.

அன்று மத்தியானம் அச்சகத்தில் யாரோ போனைப் பார்த்துவிட்டு, "ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வெடிச்சிருச்சாம்" என்றார்கள். மெஷினை நிறுத்தினார்கள். இசைவாணி கருப்பம்மாளுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் தாள் அடுக்குகளைப் பார்த்தார்கள். எத்தனையாவது தடவையோ, போன் எடுக்கப்பட்டது. முதலில் கேட்டது மூச்சிரைப்புதான்.

"எங்களது இல்ல மதினி. பக்கத்துக் கம்பெனி. நாங்க அம்புட்டுப் பேரும் வெளியதான் இருந்தோம். வாசிச்சுக்கிட்டு இருந்தோம். சத்தத்துல சாப்பாட்டு வாளி, புத்தகம் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துட்டோம்."

"யாருக்கும் ஒண்ணும் இல்லயே?"

"எங்களுக்கு இல்ல." ஆம்புலன்ஸ் சத்தம் ஒன்று நெருங்கி வந்து விலகிப் போயிற்று. அதற்குப் பிறகு கருப்பம்மாள் சொன்னாள்: "நாளைக்கும் வேன் வருமாம் மதினி. வெள்ளனயே வரச் சொல்லுதாக."

இசைவாணி போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். அவளுக்குப் பின்னால் மெஷினை மறுபடி ஓடவிட்டார்கள்.