மெட்ராசுக்கு இழுத்துருவேன்

"மெட்ராசுக்கு இழுத்துருவேன்." எங்கள் பக்கத்தில் வசதியுள்ளவன் இல்லாதவனை மிரட்ட இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே காலம் தள்ளினான். கடற்கரையோரம் சிவப்புக் கட்டடமாக நிற்கும் உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் போவேன் என்று அர்த்தம். நூறு வருஷத்துக்கும் மேலான அதன் பெருமையை விழா மலர்களில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எழுதட்டும். என் அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம், அது தளவாய்புரத்திலிருந்து ஒரு ராத்திரிப் பயணம் என்பதுதான்.

எங்கள் வீட்டுக்கு வரும் வண்டிப் பாதை பக்கத்துத் தென்னந்தோப்பை ஒட்டியது. தோப்புக்காரர் அதில் வேலி போட்டார். அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஜெயித்தார். ஜெயித்த மறுவாரமே தோப்புக்காரர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். அப்பா சமாதானமாகப் போகிறேன் என்று ராஜிக்குக் கையெழுத்துப் போட்டு, பாதையில் பாதியை விட்டுக்கொடுத்தார். ஜெயித்த மனுஷன் தலை குனிந்து வீட்டுக்கு வந்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மீதிப் பாதியில்தான் இப்போது என் பிழைப்பு ஓடுகிறது. வீட்டை ஒட்டி நைட்டி தைக்கும் ஷெட் போட்டிருக்கிறேன். துணி வருவதும் தைத்தது போவதும் அந்த வழியில்தான். அதையும் அடைக்கப் பார்த்தார் தோப்புக்காரரின் மகன். ராஜபாளையத்தில் மில் வைத்திருப்பவர். வழக்குப் போட்டேன். ராஜபாளையம் கோர்ட்டில் ஜெயித்தேன், ஸ்ரீவில்லிபுத்தூர் அப்பீலிலும் ஜெயித்தேன். கோர்ட் வாசலிலேயே அவர் தன் அப்பாவின் வார்த்தையை எடுத்தார்.

"மெட்ராசுக்கு இழுத்துருவேன், பாத்துக்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தென் மாவட்டத்து வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்து, வெயிலில் நின்று போராடி, உயர் நீதிமன்றத்தின் கிளை மதுரைக்கு வந்து எத்தனையோ வருஷமாகிறது. இந்த மனுஷனின் மிரட்டல் மட்டும் பழைய விலாசத்திலேயே இருக்கிறது.

"அண்ணாச்சி, நம்ம கேசெல்லாம் இப்ப மதுரையிலதான். இழுங்க, வாரேன்" என்றேன்.

இழுத்தார். "நீங்க வரணும்னு இல்லம்மா" என்றார் என் வக்கீல். வருவேன் என்றேன். ஒரு வாய்தா விடாமல் பஸ் ஏறிப் போகிறேன்.

போன வாய்தாவில் மில்காரர் காரை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"ராஜியாப் போயிருவோம்த்தா. இருக்கிற பாதையில பாதிய நீ வச்சுக்க. ஒங்கப்பா எம்புட்டு நல்ல மனுசன், பேசாம கையெழுத்துப் போட்டாரு."

"எங்கப்பா மெட்ராஸ் தூரத்துக்குப் பயந்து போட்ட கையெழுத்து அது. எனக்கு என்ன பயம்? சாயங்காலம் வீட்டுக்குப் போயி சோத்துக்கு ஒலை வச்சிருவேன். அடுத்த வாய்தாவுக்கும் வாரேன்."

வழக்கு இன்னும் முடியவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் வந்துவிட்டேன். பாதையில் துணி ஏற்றிய வண்டி எதிரே வந்தது. ஒதுங்க இடமில்லாமல் வேலியோடு ஒட்டி நின்றேன். அப்பா விட்டுக்கொடுத்த பாதி, வேலிக்கு அந்தப் பக்கம் சும்மாதான் கிடந்தது. அதற்கும் ஒரு வழக்குப் போட வழி உண்டா என்று வக்கீலைக் கேட்க வேண்டும்.