ஆடாமல் அசையாமல் இருந்த பிள்ளை

போன வருஷம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாடியொன்றில் நான் கணித ரியூஷன் நடத்துகிறேன். சனிக்கிழமை காலை வகுப்பில்தான் இது நடந்தது.

அந்த வருஷப் பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. பயம்தான் வியாதி. பேப்பரைக் கையில் கொடுத்ததும் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். சரி, தியானம் பழக்கிப் பார்ப்போம் என்று நினைத்தேன். நான் ஒன்றும் பெரிய யோகி இல்லை. போனில் பார்த்ததும், ஒரு வார இறுதிப் பயிற்சியில் கற்றதும்தான் என் ஞானம். ஆனாலும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி மூச்சைக் கவனித்துவிட்டுப் பாடம் தொடங்கினால், பிள்ளைகள் உண்மையிலேயே பதறாமல் கணக்குச் செய்தார்கள். எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறிவிட்டது.

ஒருத்தி மட்டும் வழிக்கு வரவில்லை. கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளை. தியானத்தில் இருந்தால் கால் ஆடும், நகம் கடிப்பாள், அடிக்கடி கண்ணைத் திறந்து மணி பார்ப்பாள்.

மாதிரிப் பரீட்சை வைத்த அன்று, பேப்பர் கொடுக்க முன் தியானத்தில், அதே பிள்ளை சுவரில் சாய்ந்தபடி ஆடாமல் அசையாமல் இருந்தாள். பக்கத்தில் ரயில் போய்க் கட்டடமே அதிர்ந்தது. மற்றவர்கள் கள்ளமாக ஒற்றைக் கண்ணைத் திறந்தார்கள். அவள் திறக்கவில்லை. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "பாருங்கோ, இதுதான் தியானம்!" என்று வகுப்புக்கே காட்டினேன். போதாததற்கு, அவளின் அம்மாவுக்கு அனுப்பலாம் என்று ஒரு படமும் எடுத்தேன்.

பக்கத்தில் இருந்த அவளின் உயிர்த்தோழி, ஒரு முஸ்லிம் பிள்ளை, மெல்லக் கையைத் தொட்டுப் பார்த்தாள். "மிஸ், இவட கை ஐஸ் மாதிரி ஈக்கி."

"ஆழமாப் போனால் அப்பிடித்தான் பிள்ளை, குளிரும். குழப்பாதேங்கோ," என்றேன். எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள். வாயில் வந்தது, சொன்னேன்.

நல்லகாலம், தோழி என் சொல்லைக் கேட்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். அவ்வளவுதான், நான் மெச்சிய பிள்ளை அப்படியே அவள் மடியில் சரிந்து விழுந்தாள். உதடு வெளுத்திருந்தது.

நிலத்தில் கிடத்தி, காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டோம். ஏதும் நடந்தால் தாய்க்கு என்ன பதில் சொல்வேன்? மயங்கிக் கிடந்த பிள்ளையைப் படம் எடுத்திருக்கிறேனே என்பது நெஞ்சைக் குத்தியது. ஓட்டோ பிடிக்க யாரோ கீழே ஓடினார்கள். அப்போதுதான் அவளின் உதடு அசைந்தது. கண்ணை மூடியபடியே கேட்டாள்: "மிஸ், இனிக் கண் திறக்கலாமோ?"

"திறவுங்கோ ராசாத்தி, திறவுங்கோ!" போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. பிள்ளைகளுக்கு முன்னாலேயே விம்மி விம்மி அழுதேன்.

ஆஸ்பத்திரியில் சோதித்த டொக்டர், பயப்பட ஒன்றுமில்லை, வெறும் வயிறும் நித்திரையின்மையும்தான் என்றார். பரீட்சை என்றாலே அவளுக்குச் சாப்பாடு இறங்காதாம். முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. வீட்டில் கட்டிக் கொடுத்த இடியப்பப் பார்சல் பையில் அப்படியே கிடந்தது. செய்தி கேட்டு ஓடி வந்த அம்மா என்னை ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ என் கையைப் பிடித்து, "உங்களிட்ட இருக்கேக்க நடந்தது நல்லதாப் போச்சு மிஸ். தனிய பஸ்ஸில வரேக்க எண்டால்?" என்றார். படம் எடுத்த கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பிள்ளை பரீட்சையை நல்லபடியாக எழுதி முடித்தாள். நானும் தியானத்தை நிறுத்தவில்லை. ஆனால் இப்போது, "காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டுப் பதில் வாங்கிய பிறகுதான் என் மனம் அமைதியாகிறது.