கதவில் தொங்கிய சிவப்பு அட்டை

புருஷனுக்குப் புத்தி தெளிய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாத பெண்டாட்டி உண்டா? நான் சொல்லப்போகிற தையல்காரம்மா வேண்டிக்கொள்ளவில்லை. தெளிந்துவிடப் போகிறதே என்று பொழுது விடிந்தால் பயந்துகொண்டிருந்தாள். கல்நெஞ்சக்காரி என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். முழுதையும் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

அவள் புருஷன் பிஸ்கட் ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் எலெக்ட்ரீஷியன். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. மிஷினுக்குள் கையை விடப்போகிறவன் முதலில் மெயின் சுவிட்சை இறக்குவான். இறக்கிய கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டையைக் கயிற்றில் மாட்டுவான். 'ஆபத்து. உள்ளே ஆள் வேலை செய்கிறார். தொடாதே' என்று அதில் அச்சடித்திருக்கும். அதன் கீழே இரண்டு கோடுகள். மேல் கோட்டில் மாட்டியவர் பெயர், கீழ்க்கோட்டில் அட்டையைக் கொடுத்த மூத்தவரின் கையெழுத்தும் நம்பரும். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். முதலாளியே வந்து நின்று கத்தினாலும் வேறொருத்தன் தொடக்கூடாது.

தொட்டார்கள் ஒருநாள். புருஷனுடைய கூட்டாளி ஒருத்தர், விசிலடித்துக்கொண்டேதான் வேலை செய்வார். 'விசில்' என்றே அவருக்குப் பெயர். அன்றைக்குப் பார்த்து மனுஷனுக்குப் பல்வலி. அடுப்பு மிஷினுக்குள் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தார். ஷிஃப்ட் மாறி வந்த ஒருத்தன், விசில் சத்தத்தைக் காணோமே, ஆள் போய்விட்டார் போலிருக்கிறது என்று தானாகவே முடிவுகட்டி, அட்டையைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு சுவிட்சை ஏற்றிவிட்டான். அவ்வளவுதான். புருஷன் ஓடிவந்து பார்த்தபோது தரையில் அட்டை மட்டும் கிடந்தது. மேல் கோட்டில் விசிலின் பெயர், கீழ்க்கோட்டில் மூத்தவராகப் புருஷன் போட்ட கையெழுத்து.

அதை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டவர், பிறகு டூல்ஸ் பெட்டியின் அடித்தட்டில் பத்திரப்படுத்தினார். அதற்கப்புறம் அட்டை விஷயத்தில் அவரிடம் யாரும் வாலாட்ட முடியாது. 'அட்டை' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். "சும்மாவா? ஒட்டிக்கிட்டா விடமாட்டாரு" என்று கேன்டீனில் கிண்டலடிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

ரிட்டயராகி மூன்றாம் வருஷம் மறதி ஆரம்பித்தது. டெஸ்டரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இந்த... இது" என்பார். அப்புறம் தெரு மறந்தது. அப்புறம் அவளே மறந்துபோனாள். கல்யாணமான நாள் முதல் "ஏ தையக்காரி" என்று கேலியாகக் கூப்பிட்ட வாய், "சிஸ்டர், கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றது. அல்சைமர் என்றார் டாக்டர். அவள் அந்தப் பெயரை ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். நாக்கில் நிற்கவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு மத்தியானம், யாருக்கோ யூனிஃபார்ம் அளவெடுத்துக்கொண்டிருந்தாள். அளவெடுத்த நாலு நிமிஷத்தில் மனுஷனைக் காணோம். எதிர்வீட்டு வேன் டிரைவர்தான் கண்டுபிடித்துக் கூட்டிவந்தான். ஃபேக்டரிக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கிற கம்பிவேலிக்குள் தோள்வரைக்கும் கையை விட்டுக்கொண்டு நின்றாராம், எந்த மெயின் என்று பார்க்க வேண்டும் என்று. "இன்னும் ஒரு சாண் போயிருந்தா கரிக்கட்டைதாங்க்கா" என்றான் டிரைவர்.

வீட்டுக் கதவைப் பூட்டினாள். டேபிள் கத்தியால் கீலைக் கழற்றிவிட்டார். மற்றதெல்லாம் மறந்தவருக்கு ஸ்க்ரூ மட்டும் மறக்கவில்லை, என்ன அநியாயம்! வெளியே கிரில் போட்டு அதற்கும் பூட்டுப் போட்டாள். "தீப்பிடிச்சா எப்படிய்யா வெளிய வர்றது?" என்று அலறிக்கொண்டே முஷ்டி கிழிந்து ரத்தம் வரும்வரைக்கும் குத்தினார். பார்க்கச் சகிக்காமல் திறந்துவிட்டாள்.

அப்போதுதான் அட்டை ஞாபகம் வந்தது. பெட்டியைத் திறந்து, மேலே கிடந்த அவருடைய பழைய அட்டையை எடுத்துக் கதவுக் கைப்பிடியில் மாட்டினாள். அவர் வந்தார், படித்தார். "நம்ம அட்டைதான். வேலை முடிஞ்சிருச்சு" என்று முறைப்படி கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டார். பல்லிடுக்கில் ஊசியோடு ஓடிப்போய்த் தெருமுனையில் பிடித்தாள். மறுநாள் பெட்டியில் கிடந்த வெற்று அட்டைகளில் ஒன்றில் ஏதோ ஒரு பெயரை எழுதி மாட்டினாள். "கையெழுத்து இல்லாத அட்டை அட்டையே இல்ல" என்று கிழித்துப் போட்டார்.

பெட்டியின் அடித்தட்டில் மிச்சமிருந்தது ஒன்றுதான்.

விசிலுடைய அட்டையை மாட்டும்போது அவளுக்குக் கை கூசியது. செத்துப்போன மனுஷனைக் காவலுக்கு நிறுத்துகிறோமே! ஆனால் புருஷன் அதன் முன்னால் வந்து நின்றார், பெயரைப் படித்தார், கீழே தன் கையெழுத்தைப் பார்த்தார், இரண்டடி பின்னால் நகர்ந்தார். "உள்ள ஆள் இருக்கு" என்று ரகசியக் குரலில் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். பதினாலு மாசமாக அவர் அந்தக் கதவைத் தாண்டவில்லை. தினமும் காலையில் அவள் அந்த அட்டையிடம், "மன்னிச்சுக்கங்கண்ணே, இன்னிக்கு ஒருநாள்" என்று சொல்லிவிட்டுத்தான் மிஷினில் உட்காருவாள்.

இப்போது புரிகிறதா அவள் பயம்? நடுவில் இரண்டு தடவை அவருக்குத் தெளிவு வந்தது. முதல் தடவை பத்து நிமிஷம், பின்னறையில். "எனக்கு என்னடி ஆச்சு?" என்று கேட்டு அழுதார். இரண்டாம் தடவை குளித்துக்கொண்டிருக்கும்போது. டாக்டரிடம் சொன்னாள். "அப்படித்தாம்மா, திடீர்னு வரும். எப்ப வரும், எவ்வளவு நேரம் நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதை நம்பி எதையும் வெச்சுக்காதீங்க" என்றார். நம்புவதாவது! தெளிவு வருகிற நேரத்தில் அவர் கதவுப் பக்கம் வந்துவிட்டால்? விசில் செத்துப்போனது ஞாபகம் வந்துவிட்டால்? அட்டையைக் கழற்றிவிடுவார். அதைக் கிழித்தாலும் கிழிப்பார். அப்புறம் மறுபடி மூடிக்கொள்ளும்போது தடுக்க ஒன்றுமே இருக்காது. வேலியும் டிரான்ஸ்ஃபார்மரும் அங்கேயேதான் இருக்கின்றன.

அது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. நர்சு யூனிஃபார்ம் ஒன்றுக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏ தையக்காரி."

கால் தானாக நின்றுவிட்டது. திரும்பாமலே தெரிந்தது. குரல் வேறு, பழைய குரல்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அட்டையைத் தொடவில்லை. கண் அதன்மேல் இருந்தது. ஐந்து வருஷமாகக் காணாமல் போயிருந்த கண். அதைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, அட்டைக்கும் அவருக்கும் நடுவில் போய் நிற்க வேண்டும் போலவும் இருந்தது.

"ஏங்க, வந்து உக்காருங்க. டீ போட்டுத் தரேன்."

"டீ கெடக்கட்டும். விசில் அட்டைய நம்ம கதவுல எதுக்கு மாட்டியிருக்க?"

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவரிடம் பொய் சொல்லிப் பழகியிருந்தால்தானே வரும்? மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மறதி, டாக்டர், கீல், கிரில், ரத்தம், கம்பிவேலிக்குள் தோள்வரை போன கை, எல்லாம். அவர் தன் வலது கையைத் தூக்கி, யாருடைய கையோ மாதிரி பார்த்தார்.

"ஒரு சாணா?"

"வேன் டிரைவர் அப்படித்தான் சொன்னான்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "பயமா இருக்குடி" என்றார். அவர் அந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. கரண்டு அடித்துக் கை வெந்துபோய் வந்த அன்றைக்குக்கூட, "ஒண்ணுமில்ல, சூடு வெச்சுட்டாங்க" என்று சிரித்த மனுஷன்.

பிறகு எழுந்து போய் விசிலின் அட்டையைக் கழற்றினார்.

அவளுக்கு உயிர் போய்விட்டது. "வேண்டாங்க! அது ஒண்ணுதான் இருக்கு, உங்க கால்ல விழறேன்!"

"அவன் வேலை முடிஞ்சு எத்தனை வருஷமாச்சு. இன்னும் அவனை நிக்க வெச்சா பாவம்டி." அட்டையைத் துடைத்து அவள் கையில் கொடுத்தார். "பெட்டியக் கொண்டா. வெத்து அட்டை ஒண்ணு எடு. பேனா எடு. சீக்கிரம், இது எவ்வளவு நேரம் நிக்கும்னு எனக்கே தெரியல."

பெட்டியைத் தூக்கிவந்தாள். அவசரத்தில் அட்டைகளெல்லாம் தரையில் சிதறின. அவர் ஒன்றைப் பொறுக்கித் தையல் மேஜைமேல் வைத்து, மேல் கோட்டில் எழுதினார். அவள் பெயர்.

"என் பேரா? எனக்கு எதுக்குங்க?"

"என் பேரப் போட்டா நானே கழட்டிடுவேன். உன் பேர்ல இருந்தா நீ கழட்டாம நான் தொடமாட்டேன். அவனும் தொடமாட்டான்."

"எவன்?"

"நான் இல்லாதப்ப வர்றானே, அவன்."

"நீங்க கெஞ்சினா? அழுதா?"

"அழுதாலும் கழட்டாத. நான் உனக்குச் சொல்றேன்ல இப்ப? இதுதான் நான் சொல்றது. அப்புறம் சொல்றதெல்லாம் கணக்கில்ல."

கீழ்க்கோட்டில் கையெழுத்துப் போட்டார். பேனா அங்கேயே நின்றது. நெற்றி சுருங்கியது. "நம்பர்... என் நம்பர் என்ன?"

வந்துவிட்டது, மூடிக்கொண்டு வருகிறது. எத்தனை சட்டைப்பையில் அந்த நம்பரைத் தன் கையால் தைத்திருக்கிறாள்! "எழுநூத்திப் பன்னெண்டுங்க."

"ஏழு... ஒண்ணு..." ஒவ்வொன்றாக எழுதினார். "ரெண்டு." பேனாவை வைத்துவிட்டு அவள் கன்னத்தை ஒருதரம் தொட்டார். "நீ மாட்டு. பேர் இருக்கறவங்கதான் மாட்டணும்."

மாட்டினாள். கயிறு இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பினாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர்," என்றார், "இது யார் வீடு?"

அழக்கூட நேரமில்லை. அவர் எழுந்து சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். "மெயின் பாக்கணும். நேரமாச்சு." நேராகக் கதவுக்குப் போனார். அவள் மிஷின் பக்கத்திலேயே நின்றாள்.

புது அட்டை. எழுத்துக் கூட்டி அவள் பெயரைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். "யாரு இந்தப் பொம்பள? நம்ம ஷிஃப்ட்ல இப்படி ஒரு ஆளு இல்லயே." விரல் கயிற்று முடிச்சுக்குப் போனது. இழுத்தால் அவிழ்ந்துவிடும், அவசரத்தில் போட்ட முடிச்சு. கண் கீழ்க்கோட்டுக்கு இறங்கியது. "ஆனா கையெழுத்து நம்மளதுதான்... எழுநூத்திப் பன்னெண்டு. நான்தான் குடுத்திருக்கேன்."

விரல் முடிச்சிலேயே இருந்தது. காதைக் கதவில் வைத்துக் கேட்டார்.

"சத்தமே இல்லயே" என்றார். "சத்தம் இல்லன்னா போயிட்டாங்கன்னு அர்த்தமில்ல. இல்ல, சிஸ்டர்? உள்ள இருப்பாங்கல்ல?"

தையல்காரம்மா மிஷினில் உட்கார்ந்து காலை அழுத்தினாள். கடகடவென்று ஓடியது. நூல் அறுந்திருந்தது, துணியும் கீழே விழுந்திருந்தது. அவர் சட்டென்று கையை எடுத்தார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"இருக்காங்க" என்றார். "பாவம், தனியா வேலை செய்யறாங்க."

முக்காலியை இழுத்துப் போட்டுக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். யாராவது வந்து தொட்டுவிட்டால் என்ன செய்வது என்று காவலாக. அவள் வெறும் ஊசியை ஓட்டிக்கொண்டே இருந்தாள். மணி ஒன்றாயிற்று, சாப்பாட்டு நேரம் தாண்டியது, கால் மரத்துப்போனது. நிறுத்த அவளுக்குத் தைரியம் வரவில்லை.