மெலிதாகப் பிளந்த விறகு

நெவென்காவின் வீட்டில் தொலைக்காட்சி ஓடுவதே அபூர்வம். சாயங்காலமானால் விறகடுப்புக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் எரியும் தீயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மரஅறுவை ஆலையின் சமையற்கட்டில் காலமெல்லாம் வெந்தவளுக்கு, தள்ளி உட்கார்ந்து பார்க்கும் நெருப்பு பிடித்திருந்தது. வாரம் ஒருமுறை பழைய செய்தித்தாளைக் கசக்கி, நனைத்து, அடுப்பின் சாம்பலையே தொட்டுத் துடைப்பாள். கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும்.

அந்த இலையுதிர் காலத்தில் இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சைக்காக ரியேகா நகரத்துக்குப் போய், மகள் வீட்டில் தங்கினாள். வீட்டுச் சாவி தம்பி வியெகோவிடம் இருந்தது. விறகையெல்லாம் தானே கொட்டகையில் அடுக்கிவைப்பதாகச் சொல்லியிருந்தான்.

மலைமேல் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பி அடுப்பை மூட்டிய மறுநாள் காலையில் கண்ணாடி தார் பூசியதுபோல் கறுத்துக் கிடந்தது. மண்டியிட முடியாமல் முக்காலியில் உட்கார்ந்து தேய்த்தாள். அடுத்த நாளும் அதே கறுப்பு. புகைபோக்கி சுத்தம் செய்பவரை வரவழைத்தாள். அடைப்பு எதுவும் இல்லை என்றார். வியெகோவிடம் புலம்பினாள்.

"வயசாகுதுல்லக்கா. அடுப்புக்குக் காத்து வர்ற வழிய நீ இறுக்கி மூடிடுற. மறந்துபோகுது உனக்கு" என்றான், அவள் தோளைத் தட்டி.

அவள் நம்பினாள். அன்றிலிருந்து அடுப்பைத் தொடும்போதெல்லாம் அவளுக்குத் தன் கைமேலேயே சந்தேகம். மகளிடம் தொலைபேசியில், ஞாபகம் தப்புகிறது, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றுகூடச் சொன்னாள்.

பனிச்சறுக்கு பருவம் தொடங்கியதும் வியெகோ தன் வீட்டு மாடியைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டான். ஒரு ஞாயிறு மதியம் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டான். கூடத்தில் புது அடுப்பு. கண்ணாடியில் ஒரு பொட்டு கரி இல்லை. பக்கத்துக் கூடையில் விறகு. நெவென்கா ஒரு கட்டையைக் கையில் எடுத்தாள். பீச் என்னும் காட்டு மரம், காய்ந்து லேசாக இருந்தது. இரண்டு விரல் தடிமனுக்குப் பிளந்திருந்தது. அந்த ஊரில் அப்படிப் பிளந்தவர் ஒருவர்தான். மூட்டுவலிக்காரியான அவள் தூக்கச் சிரமப்படக் கூடாதென்று, போன வருஷம் சாவதற்கு முன்னால் அவள் புருஷன் டிராகோ பிளந்து காயவைத்த விறகு அது. அது கொட்டகையின் பின்வரிசையில் இருக்கிறதென்றே அவள் நினைத்திருந்தாள்; அங்கே இருந்ததோ வியெகோ கொண்டுவந்து மாற்றிவைத்த, கரும்புகை கக்கும் பச்சை மரம்.

"வாடகைக்கு வந்தவங்கள புகையில உட்கார வைக்க முடியுமாக்கா? விறகு விறகுதானே" என்றான் வியெகோ, சூப்பைக் கிண்டியபடி.

"கேட்டிருந்தா பாதிய குடுத்திருப்பேன்டா. ஆனா எனக்குப் புத்தி தடுமாறுதுன்னு என்னையே நம்ப வெச்சியே."

அவள் சாப்பிடாமலே எழுந்து, ஆணியில் தொங்கிய தன் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு, ஊன்றுகோலுடன் பனியில் நடந்தாள்.

மிச்சமிருந்த விறகு மறுநாளே வண்டியில் வந்து இறங்கியது. வேண்டாமென்று சொல்லவில்லை, அது அவளுடையது. கண்ணாடி பழையபடி தெளிந்தது. தீயைப் பார்க்கும்போது மட்டும், எரிந்துபோன பாதி யார் யாரையோ சூடாக்கியது நினைவுக்கு வரும்.

கிறிஸ்துமஸுக்கு வியெகோ கசகசா ரொட்டியுடன் வந்தான். காபி கொடுத்தாள். வெளியே பனி கொட்டுகிறது என்றான். நெவென்கா எழுந்துபோய்த் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு வந்துதான் தலையாட்டினாள்.